கலிலேயோவுக்குப் பாடிய மங்களம்

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
28.12.2009

அன்பு மகள் றொசானாவுக்கு,

அம்மாவும் நானும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், மெல்பேர்ன் வெயிலில் உன்னையும் ஆண்டவர் வாடவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைவு, வாசல் பனியை நான்தான் வழிக்கிறேன். தம்பி றூபன் நத்தார்ப் பண்டிகைக்கு வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் புரோசார்ட்டில் தன் வீட்டுக்குப் போய்விட்டான். கோயில் நத்தார் ஒளி விழாவில் போட்ட கூத்தின் வீடியோ எங்கே என்று கேட்டிருந்தாய். அதை நினைத்தாலே எனக்கு அருவருக்கிறது பிள்ளை.

தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்து நானூறு வருடம் என்று, உன் ஆராய்ச்சி வேலைக்கு நடுவே மினக்கெட்டு நீ எழுதித் தந்த கலிலேயோ கூத்து. வியாழனின் நாலு நிலவை அவர் கண்ட இடம், சாய்ந்த பலகையில் குண்டை உருட்டி நேரம் அளந்த இடம் எல்லாம் நீ எழுதியபடியே போனது, சனமும் கை தட்டியது. கடைசிக் கட்டத்தில்தான் நாசம் செய்தார்கள். பூமி சுற்றுகிறது என்றதற்காகக் கிழவரை முழந்தாளில் இருத்தி, பொய் என்று சொல்லவைத்து, சாகும்வரை வீட்டுக்குள் அடைத்ததோடு நீ முடித்திருந்தாய். எங்கள் கூத்துக் குழுத் தலைவர் செபஸ்தியாம்பிள்ளை விடவில்லை. கூத்தெண்டா மங்களத்தோடதான் முடியவேணும், மனந்திரும்பாதவனுக்கு மங்களம் பாடேலாது என்று ஒரே பிடி. பாப்பரசரே பிழையை ஒப்புக்கொண்டு பதினேழு வருடமாகிறது என்றேன். அது றோமில, இது எங்கட சபை என்றார். பிறகு தானே பாட்டெழுதினார். கலிலேயோ அழுது மன்னிப்புக் கேட்கிறார், சிறகு கட்டிய சம்மனசுகள் வானத்திலிருந்து வந்து முடி சூட்டுகிறார்கள். அதுவரை அவருக்கு, நத்தார் நாடகத்தில் குழந்தைகளைக் கொல்லும் ஏரோது அரசனின் கறுப்பு அங்கி. சீ, என்ன மனிதர்கள் இவர்கள்.

கலிலேயோவாக ஆட இருந்த கணேசலிங்கம் அண்ணை, சைவக்காரர், பாட்டை வாசித்துவிட்டு இதை நான் ஆடமாட்டன் என்று எழும்பிப் போய்விட்டார். அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு முழந்தாளில் நின்று மங்களம் பாடியது உன் அப்பாதான். அன்று கலிலேயோக் கிழவருக்குச் சித்திரவதை செய்வோம் என்று பயம் காட்டினார்கள். எனக்குக் காட்டியது அடுத்த வருடத் தலைவர் பதவி மட்டும். முடிவில் ஒலிபெருக்கியில், எழுதினது எங்கட றொசானா என்று உன் பெயரைச் சொன்னபோது, நான் எழும்பிக் கும்பிட்டேன். அவர்களை விட என்னில்தான் எனக்கு அதிகம் அருவருப்பு.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், அந்த முடிவு நீ எழுதியதல்ல என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லப்போகிறேன். பதவி வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டேன்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். கண்ணாடியை மாற்ற மறந்துவிடாதே. கலிலேயோவுக்கு விதித்த தண்டனைச் செபங்களை அவருடைய மகள் அவருக்குப் பதிலாகத் தானே சொல்வதாக ஏற்றுக்கொண்டாள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். நீ அப்படிச் செய்யாதே. உடனே மன்னிக்கவும் வேண்டாம், கோபமாகவே ஒரு முறை போன் எடு.

அப்பா
அருமைநாதன்