எந்த டகோன்?

அப்பா,

இன்று பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற பெண் "டகோன்" என்று டிக்கெட் கேட்டாள். "எந்த டகோன்?" என்றார் கண்டக்டர். அவர் தினமும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். எனக்குத்தான் முகம் சுட்டது.

பர்மா சர்க்கார் நகரத்துக்குள் இருந்த பசுந்தாங் ஓடைக்கரைக் குடிசைகளைப் பிரித்து நம்மைத் தெற்கு டகோனில் கொண்டுவிட்டபோது அங்கே ஊரே இல்லை. அறுத்த வயலும் முழங்கால் சேறும்தான். புதுப்பெயர் யோசிக்க யாருக்குப் பொறுமை? நகரத்தில் பெரிய பகோடாவை ஒட்டிப் பணக்காரர்கள் வாழும் பழைய டகோனின் பெயரை எடுத்து, வடக்கு, தெற்கு, கிழக்கு என்று முன்னால் சேர்த்து வயல்களுக்குப் பங்கு வைத்துவிட்டார்கள். "பணக்காரவூட்டுப் பேரு ஓசில கெடச்சிருக்கு, வச்சுக்க" என்று சிரித்தீர்கள். மூங்கில் நட்டு வீடு கட்டி, வாசல் பலகையில் நீங்களே 'தெற்கு டகோன்' என்று பெயிண்டில் எழுதினீர்கள். சொந்தமாய் ஒரு வாசல் கிடைத்த பெருமை உங்களுக்கு.

நானும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டேன், தெற்கை விட்டுவிட்டு. நகரத்தில் லான்மடாவ் பக்கம் ஒரு பருப்பு மண்டியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த அன்று முதலாளியம்மா வீடு எங்கே என்று கேட்டார். "டகோன்" என்றேன். உடனே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். அந்த மரியாதை எனக்கு ருசித்துவிட்டது. "ஒங்க கடைக்காரவுகள ஒருநா சோத்துக்குக் கூப்புடும்மா" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் மழை, சேறு, பஸ் கிடையாது என்று சாக்குச் சொன்னேன்.

நீங்கள் போன அன்று தெருமுனை டெலிபோன் கடையிலிருந்து மண்டிக்குச் சொன்னேன். அந்த அழுகையிலும் என் வாயில் "டகோன்" என்றுதான் வந்தது. "சாவு வீடுன்னு விசாரிச்சு வந்துருவோம்" என்றார்கள். அவர்கள் வருவார்களென்று சாயங்காலம்வரை உங்களைக் கிடத்தி வைத்திருந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டு பர்மாக்காரர்கள்தான் தோள் கொடுத்தார்கள்.

பதினாறு கழிந்து வேலைக்குப் போனேன். மண்டியின் பின்வாசல் ஆணியில் ஒரு மாலை காய்ந்து தொங்கியது.

"டகோன் பூரா தேடுனோம்மா. அப்புடி ஒரு வீடே இல்லேன்னுட்டாங்க. சாவுக்கு வாங்குன மாலைய சாமிக்குப் போட முடியுமா?" என்று முதலாளியம்மா கண் கலங்கினார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அவசரத்துல தெருவ மாத்திச் சொல்லிட்டேம்மா" என்றேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது அப்பா.

இன்று கண்டக்டர் என்னிடம் வந்தார். "தெற்கு டகோன்" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்குப் பயந்தா அப்பா, உங்களை மாலையில்லாமல் அனுப்பினேன்?