சின்ன மாத்திரை

மார்ச் 3, திங்கள்

மூத்த பேரன் பாலம் கட்டும் பொறியாளர். அவன் தங்கை கல்லூரியில் முதல், அதுவும் தொடர்ந்து மூன்றாவது வருடம். சின்ன மகளின் பிள்ளை நீச்சலில் வெள்ளிப் பதக்கம். தங்கம் வாங்கினவன் அவனைவிட ஒரு முழம் உயரம், அதெல்லாம் ஒரு போட்டியா? ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வழியில் வந்ததுகள்தான் இவ்வளவும்.

ஆறு மாதம் முன்பு இதுகளின் பெயர்கூட என் நாக்கில் வரவில்லை. தைராய்டு மந்தமாம். முகம் வீங்கி, எப்போதும் குளிர், உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம். "அத்தைக்கு மறதி வந்துடுச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள் மருமகள். டாக்டர் முதலில் தந்த பெரிய மாத்திரை பாதிதான் தெளிய வைத்தது. கூடவே சின்ன மாத்திரை ஒன்றையும் சேர்த்த பிறகுதான் பழைய ஆளானேன்.

மார்ச் 9

நாளை ரத்தப் பரிசோதனை. மருமகள் மாத்திரை டப்பாவைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்துவிட்டாள்.

"ரத்தம் எடுத்த பிறகுதான் மாத்திரை, அத்தை. டாக்டர் சொன்னாரு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை அந்த டாக்டர்? நான் மறுபடி மந்தமானால் யாருக்கு லாபம்? வீடு யார் கைக்குப் போகும்?

மார்ச் 10

விடிந்ததும் நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். இரண்டையும் விழுங்கிவிட்டுத்தான் ரத்தம் கொடுக்கப் போனேன். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை நான். இவள் சொல்லியா விடுவேன்?

மார்ச் 13

ரத்தத்தில் சின்ன மாத்திரையின் அளவைக் காட்டும் எண் ஏறிவிட்டதாம்.

"அன்னைக்கு மாத்திரை போட்டுட்டு வந்தீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

மருமகள் பக்கத்தில் நிற்கிறாள். "இல்ல" என்றேன்.

"போட்டுட்டு வந்தா ரெண்டு மூணு மணி நேரம் இந்த எண் ஏறித்தான் நிக்கும். போடாமலே இவ்வளவுன்னா இதயத்துக்கு ஆகாது. சின்னதை நிறுத்திடலாம்."

சீட்டில் ஒரே கோடாக அடித்துவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. அவள் எதிரில் எப்படித் திறப்பேன்?

மார்ச் 24

குளிர்.

ஏப்ரல் 2

விடுதியிலிருந்து பேத்தி பேசினாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேனாம். மருமகள் போனை வாங்கி, "பாட்டிக்கு அசதிடி" என்றாள். அந்தக் கரிசனத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஏப்ரல் 5

பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடெல்லாம் கேஸ் நாற்றம். பால் வைத்தது நான். அங்கேயே உட்கார்ந்து தூங்கியதும் நான். ஓடிவந்து ஜன்னலைத் திறந்தவள் அவள். கத்தவில்லை. கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்ல? பாவி, கத்தவே இல்லையே —

சொல்லிவிடலாமா? சொன்னால் ஆயுசுக்கும் குத்திக் காட்டுவாள். சொல்லாவிட்டால்... ஆயுசு இருக்குமா?

ஏப்ரல் 7

சொல்லிவிட்டேன். டாக்டரிடம், அவளை வைத்துக்கொண்டே. "அன்னைக்குப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இவள் என் பக்கம் திரும்பினாள்.

"எப்படி எடுத்தீங்க?"

"நாற்காலி போட்டு."

"அந்த முழங்காலை வச்சுக்கிட்டா? விழுந்திருந்தா நான்தான் தள்ளிவிட்டேன்னு ஊரே சொல்லியிருக்கும்!"

சொல்லியிருக்கும். நானே சொல்லியிருப்பேன்.

சின்ன மாத்திரை திரும்ப வந்தது. ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை. வெறும் வயிறு, வெறும் வாய்.

மே 20

ரத்தம் எடுத்து, கையில் பஞ்சை ஒட்டிய பிறகுதான் மாத்திரையை விழுங்கினேன். தண்ணீர் பாட்டிலை அவள் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். நன்றியெல்லாம் சொல்லவில்லை.

மே 23

எண் சரியாக இருக்கிறது. மாத்திரை தொடரும்.

மூத்த பேரனுக்குக் கடிதம் எழுதினேன். மருமகள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"பாட்டி டாக்டர்கிட்டயே பொய் சொன்னாங்கன்னும் எழுதுங்க அத்தை."

"உன் பிள்ளைக்கு நீ எழுது. இது என் கடிதம்."

அதை எழுதவில்லை. இவ்வளவுதான் எழுதினேன்: உன் புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு. போனில் அனுப்பினால் உன் அம்மாதான் முதலில் பார்க்கிறாள். முகம் தெளிவாகத் தெரியட்டும். சீக்கிரம் அனுப்பு.