வேந்தர் துடுப்புப் பிடித்த ஓலை

மழை தவறாத முகிலாந்தீவின் தலைவியாரும், பன்னிரு காயல்களின் காவலரும், எம் வேந்தருக்குச் சம்பந்தியாருமாகிய தாழைநங்கையார் திருமுன்னர், வெண்கோட்டு வேந்தர் நெடுவரைச் சேந்தரின் முதலமைச்சன் பூதநம்பி வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் ஈரப்பலாக்கள் காய்த்துக் குலுங்குக. தங்கள் வலைகள் வெறுமையாய் மீளாதிருக்க. தங்கள் மருமகளாரும் எங்கள் இளவரசியாருமாகிய நறுங்கோதையார் வயிற்றில் வளரும் மகவு குறைவின்றி வளர்க.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் எம் வேந்தர் தங்கள் தீவுக்கு வரத் திருவுளம் கொண்டுள்ளார். இதைக் கேட்டுத் தாங்கள் வியப்பீர்கள் என்பதை யாம் அறிவோம். மூன்றாண்டுகளுக்கு முன் மகளின் திருமணத்துக்கு வந்தவர், மணப்பந்தலைக் கூடக் காணாமல் திரும்பியதும், இனி அம்மண்ணில் கால் வைப்பதில்லை என்று சூளுரைத்ததும் தாங்கள் மறக்கக்கூடியவையல்ல.

அன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறோம். நாற்பது பேர் துடுப்பு வலிக்க, பூமாலைகள் சூழ, மெத்தையில் சாய்ந்தபடி எம் வேந்தர் தங்கள் காயலுள் நுழைந்தார். கரையில் நின்றோர் அவரைக் கண்டதும் ஓடிக் கதவடைத்தனர்; பெண்டிர் தலைவிரித்து அழுதனர். மங்கல நாளில் தம்மைக் கண்டா இந்த அழுகை என்று கொதித்தவர் படகைத் திருப்பச் சொன்னார். தங்கள் நாட்டில் உயிருள்ளவர் எவராயினும் தம் துடுப்பைத் தாமே பிடித்துத்தான் கரை சேர்வார் என்பதும், பிறர் துடுப்பிடப் படுத்தபடி வருவது இறந்தோர் மட்டுமே என்பதும் எங்களில் ஒருவருக்கும் அன்று தெரியாது. அந்தப் படகை ஒப்பனை செய்தவனும், தலைமாட்டில் மாலை வைத்தவனும் இந்த அமைச்சனே. புறப்படுமுன் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை.

அதன்பின் மகள் விடுத்த ஓலைகள் எதையும் எம் வேந்தர் பிரிக்கவில்லை. சென்ற திங்கள் வந்த தூதன், இளவரசியார் கருவுற்றிருக்கிறார் என்று வாய்மொழியாகவே சொல்லிவிட்டான். அப்போதுதான் அவன் கொணர்ந்த ஓலையைப் பிரித்தார். உப்பிட்ட நார்த்தங்காய்க்கு நாக்கு ஏங்குவதாக எழுதியிருந்த மகளார், தந்தை உயிரோடுதான் இருக்கிறார் என்று ஊராரிடம் சொல்லியபடி தாம் கரைக்கு ஓடி வருவதற்குள் படகு திரும்பிவிட்டதென்று கடைசி வரியில் குறித்திருந்தார். தாயில்லாத மகளைத் தோளில் சுமந்து வளர்த்தவர், அவ்வரியைப் படித்துவிட்டு வாய்விட்டு அழுதார்.

மறுநாட் காலையில் அரண்மனைக் குளத்தில் ஓர் ஓடம் இறக்கப் பணித்தார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. முதல் நாள் நின்ற இடத்திலேயே சுற்றினார். இரண்டாம் நாள் முடியோடு நீரில் விழுந்தார். அல்லிக் கொடிகள் பாதி நாசமாயின. சிரிப்பவர் நாடு கடத்தப்படுவர் என்று அறிவித்த யாமே முதலில் சிரித்துவிட்டோம். அவரும் சேர்ந்து சிரித்தார். இப்போது குளத்தைக் கடக்கிறார், ஆனால் ஓடம் இன்னமும் இடப்பக்கமே இழுக்கிறது.

எங்கள் கப்பல் காயல் முகத்தில் நின்றுவிடும். யானை, குடை, முரசு எதுவும் வாரா. அங்குள்ள அட்டைகள் ஒட்டினால் தடவச் சிறிது சுண்ணாம்பும், ஒரு சாடி நார்த்தங்காயும் தவிர அவரது ஓடத்தில் வேறொன்றும் இராது.

ஆயினும், மூன்றாண்டுகள் மகள் எழுத்தைத் தொடாதவர் இப்போது வந்து நிற்கலாமா என்ற அச்சம் அவரை விடவில்லை. மகளார் வருக என ஒரு சொல் அனுப்பினால் புறப்படுவார். இல்லையெனில் சாடி மட்டும் வரும், யாரையும் நோகோம்.

இவ்வோலையில் அரச இலச்சினை இல்லாமை கண்டு ஐயுற வேண்டா. துடுப்புப் பிடித்து விரல்கள் கொப்புளித்து வீங்கியதால் முத்திரை மோதிரம் ஏறவில்லை; அரக்கில் தம் பெருவிரலையே பதித்துள்ளார். கொப்புளத்தைப் பற்றி எழுதாதே என்றார். நாற்பதாண்டுப் பணியில் யாம் மீறிய ஆணை இது ஒன்றே.

அவர் விடுக்கும் ஆணையும் ஒன்றே. காயலில் அவர் ஓடம் எத்தனை முறை வட்டமடித்தாலும் உதவிக்கு எவரும் வரலாகாது. கரையில் நிற்போர் வேண்டுமட்டும் சிரிக்கலாம். அழுதல் மட்டும் வேண்டா.