பொருந்தவில்லை என்று சொன்னது

மார்ச் 4
கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அண்ணன், அண்ணியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனின் கல்லீரலில் ஒரே ஒரு புற்றுக்கட்டி, மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம் என்றார் டாக்டர். வெட்டி எடுக்க முடியாதாம். பழைய காமாலைக் கிருமி மீதிக் கல்லீரலையும் கெடுத்து வைத்திருக்கிறது, தாங்காது. ஊசி செருகிக் கட்டியைச் சுட்டுவிடலாம். ஆனால் வேறு இடத்தில் முளைக்கலாம். கல்லீரலையே மாற்றினால் இரண்டு தொல்லையும் தீரும். உறவில் யாராவது பாதி தரவேண்டும்.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு தெரிந்தது.

"நான் குடுக்கறேன்." யாரும் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன்.

மார்ச் 19
பரிசோதனைகள் முடிந்தன. எல்லாம் பொருந்துகிறதாம்.

மார்ச் 21
தானம் தருபவர்களிடம் தனியாகப் பேசும் ஆஸ்பத்திரி அம்மா கதவைச் சாத்தினார். "மனசார சம்மதமா? வேண்டாம்னா, உங்க உடம்பு ஒத்துவரலைன்னு மட்டும் சொல்லிடுவோம். காரணம் வெளிய போகாது."

வேண்டாம் என்றேன். பிள்ளைகள், வேலை என்று இங்கே நாலு வரி எழுதி அடித்துவிட்டேன். பயம்தான். வேறொன்றுமில்லை.

மார்ச் 22
அண்ணன் போன் செய்தான். "உனக்கு உடம்புல என்னன்னு சொன்னாங்க? மறைக்காத, பாப்பா."

ஏப்ரல் 2
நாளை மறுநாள் அண்ணனின் கட்டியைச் சுடப்போகிறார்கள். இன்று லிப்ட் பழுதுபார்த்த கிரீஸ் கையோடு கடைக்கு வந்து நிற்கிறான். எனக்காக வேறொரு டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறானாம். "சின்ன வயசுல உனக்கும் காமாலை வந்துச்சே. எனக்கு ஏதாவது ஆனாலும் நீயாவது நல்லா இருக்கணும்."

போனேன். ஒன்றுமில்லாத உடம்பிலிருந்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். வெளியே என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சீ.

ஏப்ரல் 5
கட்டி பொசுங்கிவிட்டது. செய்தி கேட்டதும் 'அப்பாடா, தப்பிச்சோம்' என்று வந்தது. யாரு தப்பிச்சது — அவனா, நானா?

ஜூலை 11
ஸ்கேனில் தழும்பு மட்டும்தான். புதிதாக எதுவும் இல்லை. அண்ணி மாத்திரை வாங்கப் போனபோது சொல்லிவிட்டேன். "எல்லாம் பொருந்தித்தான் இருந்துச்சுண்ணே. நான்தான் மாட்டேன்னேன்."

ஸ்கேன் கவரை மடித்து மடியில் வைத்தான். "அப்ப உனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லண்ணே."

பெருமூச்சு விட்டான். "இத்தனை மாசமா நான்..." முடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

ஜூலை 20
இன்றுதான் போன் வந்தது. "அடுத்த ஸ்கேனுக்கு நீ வா. அண்ணிக்கு லீவு கிடைக்காது." நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டான். தேதி அண்ணியிடம்தான் கேட்கவேண்டும்.