மாம்பூ பார்த்துவிட்டு வந்து எழுதுவது

என் செண்பகத்துக்கு,

இங்கே மாசி வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் பாறைதான் தெரிகிறது, தண்ணீர் பேருக்கு வழிகிறது. ஊர் உலகமெல்லாம் சாரலுக்கு ஓடி வருகிற இடத்தில் இருந்துகொண்டு, சாரலே இல்லாத இந்த மாதத்துக்காக நீ ஒருத்திதான் காத்திருப்பாய்.

நேற்று பூ பார்க்கப் போனேன். ஆமாம், நான்தான். தனியாக.

"பொண்ணு பாக்கப் போற மாதிரி பூ பாக்கப் போவோம் அத்தான்" என்று நீதானே ஆரம்பித்து வைத்தாய். சலவை வேட்டி கட்டினால்தான் என்னைப் பஸ் ஏறவே விடுவாய். சிவகிரியில் மாடசாமியின் மாந்தோப்புக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாய். நான் ஒரு பூங்கொத்தை விரல் நீட்டிக் காட்டினால் பட்டென்று ஒரு அடி. "விரலை மடக்கிக் காட்டுங்க. பிஞ்சு உதிர்ந்திரும்லா." மாடசாமி கருப்பட்டிக் காப்பியோடு வந்து, "மரம் பிடிச்சிருக்கா மதினி?" என்பார். "வீட்டுக்குப் போய்க் கடுதாசி போடுதோம்" என்பாய் நீ. மூன்று பேரும் சிரிப்போம். வருஷா வருஷம் அதே பேச்சு, அதே சிரிப்பு.

நாம் கடைசியாகப் போனபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. கிணற்றடி மரத்தைக் காட்டினார். "இது பூக்கவே மாட்டேங்குது மதினி. வெட்டிரலாம்னு இருக்கேன்." நீ அதன் மேல் கையை வைத்தாய். "நாங்க கடுதாசி போடுத வரைக்கும் கோடாலி வைக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க" என்றாய்.

அப்புறம் ஆஸ்பத்திரி. அங்கே நீ என்னைக் கேட்டது இரண்டே கேள்விகள். சாப்பிட்டீங்களா? மாடசாமிக்குக் கடுதாசி போட்டீங்களா? போட்டாச்சு என்றேன்.

போடவில்லை செண்பகம். போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஊரார் புகாரையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினவன், உனக்காக நாலு வரி எழுதவில்லை. எழுதினால், இனிமேல் நீ அங்கே வரப்போவதில்லை என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயம். நான் சொன்னதை நீ நம்பினாயா? நம்பின மாதிரி இருந்துவிட்டாயா?

நீ போன பிறகு இரண்டு மாசி நான் போகவில்லை. வராத கடுதாசிக்கு எத்தனை நாள் காத்திருப்பார், மரத்தை வெட்டியிருப்பார், அந்த இடத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நேற்று பீரோவைத் திறந்தபோது, நீ மடித்து வைத்த வேட்டி கையில் வந்தது. கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தோப்பு அப்படியேதான் இருந்தது. இலை தெரியாத பூ. அந்த இனிப்பும் புளிப்புமான வாசனையில், தேனீக்களின் ரீங்காரத்தில், தூக்கத்தில் நடக்கிறவன் போல நடந்தேன். தோளில் பூத்தூள் விழுந்துகொண்டே இருந்தது. நீ பின்னால் வருகிறாய் என்ற நினைப்பில் இரண்டு தடவை நடையைக் குறைத்தேன். திரும்பிப் பார்க்க மட்டும் மனசு வரவில்லை.

கிணற்றடிக்கு வந்தால், மரம் நிற்கிறது! மேற்கே மலையைப் பார்த்த ஒரே ஒரு கிளையில் பூ. மற்றதெல்லாம் வெறும் இலை.

"வெட்டலையா?" என்றேன், அங்கே நின்ற மாடசாமியிடம்.

"எப்படி அண்ணாச்சி வெட்டுவேன்? மதினி கடுதாசி போடுதேன்னு சொல்லிட்டுல்லா போனாங்க. இன்னும் வரலையே."

நீ போன அன்று துட்டி கேட்க வந்து, வாசலில் நின்று அழுதுவிட்டுப் போன மனுஷன் சொல்கிறார் இதை. நான் அந்தக் கிளையைக் காட்ட விரலை நீட்டினேன். அடிக்க ஆளில்லை. நானே மடக்கிக்கொண்டேன்.

"இப்பமாவது சொல்லுங்க. மரம் பிடிச்சிருக்கா?"

"வீட்டுக்குப் போய்க் கடுதாசி போடுதேன்" என்றேன். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தோம்.

செண்பகம், அந்தக் கடுதாசியை நான் எழுதப்போவதில்லை. இந்தத் தடவை பயத்தால் இல்லை. ஒவ்வொரு மாசியும் சலவை வேட்டியோடு போவேன். அவர் கேட்பார், வீட்டுக்குப் போய்ப் போடுதேன் என்பேன். அது போய்ச் சேராத வரைக்கும் கோடாலி ஏறாது. இது என் வாக்கு.

உனக்கு மட்டும் சொல்கிறேன், மாடசாமி காதில் விழ வேண்டாம்: மரம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

மேலகரத்திலிருந்து,
விரலை மடக்கப் பழகிவிட்ட உன் அத்தான்