ஒரே நம்பரில் ஏழு பிள்ளைகள்

அன்புள்ள தம்பி கோகுல்ராஜுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தங்கச்சி வெண்ணிலாதான் சுகமாக இல்லை. சாமை அறுத்துக் களத்துக்கு வந்துவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மற்ற சேதியெல்லாம் கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஆபீசிலிருந்து உன்னைப் போனில் கூப்பிட்டேனே, அம்மா எதற்கு மலையை விட்டுக் கீழே இறங்கி வந்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? மெசேஜில் வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிவிட்டு, "ஷிஃப்ட்ல கீறேம்மா" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதை நீ பாதியில் வைக்க முடியாது.

இந்த வருஷம் முதல் வெண்ணிலா பள்ளிக்கூடத்தில் கையில் காசு வாங்குவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஃபீஸ், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் ஆப்பில்தான் கட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கார்டு. சாப்பாட்டு வரிசையில் அதை மெஷினில் காட்டினால் பச்சை விளக்கு எரியும், தட்டில் சோறு விழும். ஜூன் மாதம் ஃபாரத்தில் பெற்றோர் போன் நம்பர் கேட்டார்கள். நம் ஊரில் எவன் வீட்டில் டவர் எடுக்கிறது? ரேஷனுக்கும் பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாம் எப்போதும் கொடுப்பது ஜீப் ஓட்டும் சேட்டு மாமா நம்பர்தானே. தினம் கீழே போய் வருகிறவர் அவர் ஒருவர்தான். வந்த சேதியை வீடு வீடாக ஹாரன் அடித்துச் சொல்லிவிட்டுப் போவார். அதையே எழுதிக் கொடுத்தேன். அங்கே படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஏழு பேர் வீட்டிலும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள்.

போன மாதம் நீ அந்த நம்பரைப் போட்டுச் சாப்பாட்டுப் பணம் கட்டினாய். ஆப்பில் முதலில் வந்த பெயர் அருண்ராஜ், நம் வெள்ளையம்மாள் பையன். ஏன்டா, உன் தங்கச்சி பெயரா என்று படித்துப் பார்க்க உனக்குக் கண் இல்லையா? பச்சை டிக்கைப் படம் எடுத்துச் சேட்டு மாமாவுக்கு அனுப்பினாய், அவர் கொண்டு வந்து காட்டினார், நானும் டிக்கைத்தான் பார்த்தேன். என் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் திங்கட்கிழமை வரிசையில் அவள் கார்டுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தபோது, முந்நூறு பிள்ளைகள் பார்க்க ஓரமாக நிற்கச் சொன்னார்களே, அவர்களை என்ன சொல்வது? சோற்றுப் பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்துத்தான் பசியைத் தெரிந்துகொள்வார்களா? மூன்று நாள், அவளோடு படிக்கும் அடிவாரத்து ஆன்சி தன் தட்டில் பாதியைக் கொடுத்திருக்கிறாள். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தவள் பையைக் கீழே வைத்துவிட்டு, இனிப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றாள். பப்ளிக் பரீட்சை எழுத வேண்டிய பெண்.

மறுநாள் புளி விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். கிளார்க் பணத்தைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒரே நம்பர்ல ஏழு புள்ளைங்க கீது, ஏழும் உன்னுதா?" என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஆமாங்க, ஏழும் என் புள்ளைங்கதான். ஏழுக்கும் சோறு போடுங்க" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தை நடத்தும் பெரிய சிஸ்டர் வந்து, நம்பரைச் சரி செய்யும் வரை எந்தப் பிள்ளைக்கும் சாப்பாட்டை நிறுத்த மாட்டோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் எழுந்தேன். ஃபீஸ் விஷயமாக வந்திருந்த ஆன்சி அப்பா டோமினிக் என்னிடம் பணத்தை வாங்கிக்கொண்டு தன் போனில் வெண்ணிலாவுக்குக் கட்டினார். முகம் தெரியாத மனுஷன், பெயரை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அமுக்கினார். வெள்ளையம்மாள் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அழுதாள், பிள்ளை சாப்பிட்டது சாப்பிட்டதாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வெண்ணிலாவை நாளைக்குக் கூட்டிப் போகிறேன். முதல் வேளை நானும் அவளோடு வரிசையில் நிற்பேன் என்று சொன்ன பிறகுதான் துணியை எடுத்து வைத்தாள். அவளுக்கு இனி உன் நம்பர்தான், அன்றைக்கு உன்னிடம் அந்த ஓ.டி.பி. எண் கேட்டது அதற்குத்தான். பிள்ளை கார்டைக் காட்டும் ஒவ்வொரு முறையும் பெற்றோர் போனுக்கு மெசேஜ் வருமாம். இத்தனை நாள் ஏழு பேர் சாப்பிட்ட சேதியும் சேட்டு மாமாவுக்குத்தான் போயிருக்கிறது. ஏதோ கம்பெனி விளம்பரம் என்று பாவம் அவர் அழித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நீ அழிக்காதே. ஒரு நாளைக்கு மூன்று மெசேஜ் வர வேண்டும், எண்ணிப் பார். ஒன்று குறைந்தாலும் ஷிஃப்டில் இருக்கிறேன் என்று சொல்லாமல் உடனே ஹாஸ்டலுக்குப் போன் போடு, வெண்ணிலாவைக் கூப்பிடச் சொல்லி, சாப்பிட்டாயா என்று அவள் வாயால் கேள்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. குலசாமி உன்னைக் காப்பாற்றட்டும். பொங்கலுக்கு வரும்போது அப்பா முழங்காலுக்குத் தைலம் வாங்கி வா. கோபம் இன்னும் தீரவில்லை.

இப்படிக்கு,
ஏழு பிள்ளைகளோடு உன்னையும் பெற்ற
அம்மா ஈஸ்வரி