மேல் பலகைக்குக் கீழே

உறுவையாறு,
ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் விஜயகுமாரி வணங்கி எழுதுவது. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் லீவு முடிந்து நாளை துபாய் திரும்பும் சேவியர்ராஜிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று உங்கள் தங்கை மகள் சரண்யா வற்புறுத்தித் துறைமுகத்துக்கு அழைத்துப் போனாள். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஜனங்களை ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிப்போன பாய்மரக் கப்பல் போலவே புதிதாக ஒன்று கட்டிப் பார்வைக்கு விட்டிருக்கிறார்கள். மேல்தளத்தில் காற்றும் செல்ஃபியுமாக நன்றாகத்தான் இருந்தது. கீழே இறங்கினால் இருட்டு. இரண்டு அடுக்காகப் பலகைகள், அவற்றில் மெழுகு பொம்மைகள் ஒருக்களித்துக் கிடந்தன. எங்கிருந்தோ ஒரு ஸ்பீக்கர் இருமிக்கொண்டே இருந்தது.

காலியாக இருந்த கீழ்ப் பலகையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள். உட்கார்ந்தேன். மேல் பலகை தலையில் இடித்தது. கழுத்தை முன்னால் வளைத்து, தோளைக் குறுக்கினால்தான் உட்கார முடிந்தது. சரண்யா போட்டோ எடுத்துவிட்டுச் சிரித்தாள்: "இன்னா அத்த, வீடியோ கால்ல மாமா குந்திக்கினு இருக்கற மாதிரியே கீற!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடமாக நீங்கள் அப்படித்தான் உட்கார்ந்து பேசுகிறீர்கள். "இன்னா மாமா, கெழவன் மாதிரி கூனிக்கினு" என்று எத்தனை முறை கேலி செய்திருப்பேன். பின்னால் யாரோ இருமினால் டிவி என்பீர்கள். தனி ரூம், ஏசி என்பீர்கள். ரூமைக் காட்டச் சொன்னால் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும்.

போட்டோவை அழிக்கச் சொன்னேன், அழித்துவிட்டாள். ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் கீழ்ப் பலகையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேலே நம் பிள்ளை புகழேந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறான். கூப்பிட்டால் திரும்புவதில்லை.

அவன் பாஸ்போர்ட்டை வியாழக்கிழமைக்குள் கொடுக்கச் சொல்லி ஏஜெண்ட் செல்லப்பன் அவசரப்படுத்துகிறார். "என் ரூம்லயே தங்கட்டும், எடம் தாராளமா கீது" என்று நீங்கள் சொன்னதை நம்பி, திருவாண்டார்கோயில் கம்பெனியில் கிடைத்த வேலையை விட்டுவிடுகிறேன் என்கிறான். பாஸ்போர்ட் என்னிடம்தான் இருக்கிறது. அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவை அவன் குறைவாக நினைத்துவிடக் கூடாது.

கோபமில்லை மாமா. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கமாட்டேன். இது கையில் கிடைத்ததும் தெருவுக்கு வந்து, நின்றுகொண்டு கூப்பிடுங்கள். அவனை அனுப்பாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீதியை இங்கே வந்து சொல்லலாம்.

திருக்காமீஸ்வரர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
விஜயா